மடியும் அயர்வும்

உடற்சோர்வைக் குறிக்குஞ் சொற்கள் தமிழிற் பல. வேலைக்குப் பின் வருவது களைப்பு. மூச்சு வாங்க நடந்தபின் வருவது இளைப்பு. காய்ச்சல் நீங்கியும் உடலில் தங்குவது அசதி. மடியென்பதோ மனத்தைச் சார்ந்தது. செய்ய வல்லவன் செய்யாதிருத்தலே மடி. திருவள்ளுவர் மடியின்மையை 61-ஆம் அதிகாரமாகவும் மருந்தை 95-ஆம் அதிகாரமாகவும் வேறு வேறிடத்து வைத்தனர். நம் ஊர்களிலோ இவ்விரண்டும் ஒன்றாய்க் கலந்துவிட்டன. பல திங்கள் எழமாட்டாது கிடப்பாரை நோயாளரென்று எண்ணாது சோம்பேறியென்று சொல்லிவிடுதல் எளிதாயிற்று. அங்ஙனம் இகழப்படுவோருட் சிலர்க்கு உண்மையாகவே உள்ளதொரு நோயைப்பற்றி ஈண்டு எழுதப் புகுந்தோம்.

இதனை மருத்துவ நூலார் மயால்ஜிக் என்செபலோமைலிட்டிஸ் என்றும், நாட்பட்ட களைப்பு நோய் என்றும் வழங்குவர். பின்னைய பெயர் 1988-இல் அமெரிக்காவில் இடப்பெற்றது. அப்பெயரே நோயாளர்க்குப் பெருந்தீங்கு இழைத்ததென்பது எம் கருத்து. களைப்பு யார்க்குத்தான் இல்லை? ஆயின் உறங்கி எழுந்தால் நீங்குங் களைப்பன்று இது. இதன் தனியடையாளம் யாதெனின், சிறு முயற்சியும் நோயை மிகுவித்தலாம். அம்மிகுதியும் பெரும்பாலும் உடனே தோன்றாது, ஒரு நாளோ இரு நாளோ கழித்துத் தோன்றிப் பல நாள் நிற்கும். பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் பெண்ணொருத்தி இந்நோயுற்றாள் என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை ஒருவாறு தறி ஓட்டினாள், செவ்வாயன்று நடமாடினாள், புதனன்று தலைவாரவுங் கை எழவில்லை. "முந்தாநாள் ஓட்டினவளுக்கு இன்றைக்கு என்ன வந்தது?" என்று தறிக்காரர் கேட்பர். முந்தாநாள் ஓட்டியதே இன்றைக்கு வந்தது என்பதே அதற்கு விடை. இதனோடு, எத்துணை உறங்கினும் ஓய்வு தோன்றாமை, நினைவுத் தடுமாற்றம், எழுந்து நின்றால் தலைசுற்றல் ஆகியவையும் உண்டு. நோய் முற்றியவர் ஒளியும் ஓசையும் பொறாது இருட்டறையில் ஆண்டுக்கணக்காய்க் கிடப்பர். பலர்க்கு இது ஒரு தொற்றுக் காய்ச்சலுக்குப் பின்னரே தொடங்குகின்றது. 2020 முதல் பரவிய கொரோனாவுக்குப் பின் சிலர்க்கு இவ்வடையாளங்கள் முற்றும் அமைந்தமையைப் பல நாட்டு மருத்துவருங் கண்டுள்ளனர்.

இகழ்ச்சி நம் நாட்டிற்கே உரியதன்று. 1955-இல் லண்டன் ராயல் ப்ரீ மருத்துவமனையில் ஏறத்தாழ 300 பணியாளர் இவ்வகை நோயில் வீழ்ந்தனர். மருத்துவமனையையே மூட நேர்ந்தது. உலக சுகாதார நிறுவனம் 1969-இல் இதனை நரம்பு நோய்களுள் வைத்தது. அதற்கு மறு ஆண்டே உளமருத்துவர் இருவர், நோயாளரை நேரிற் பாராமல் பழைய குறிப்புக்களைக்கொண்டே, அது வெறும் மனக்கலக்கம் என்று எழுதினர். வீழ்ந்தவருட் பெரும்பாலார் பெண்களாயிருந்ததும் அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று! 2011-இல் வெளிவந்த பேஸ் என்னும் ஆராய்ச்சி, உடற்பயிற்சியைப் படிப்படியாக மிகுவித்தால் நோய் தணியுமென்றது. குணமென்பதற்கு முதலில் வகுத்த அளவு இடையிலே தாழ்த்தப்பட்டதை நோயாளரே கண்டு வெளிப்படுத்தினர். பல்லாண்டு வழக்காடிய பின், 2021-இல் இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் அப்பயிற்சியைத் தன் வழிகாட்டி நூலினின்று நீக்கிற்று.

பயிற்சிக்கு மாறாக இன்று சொல்லப்படுவதை நம் சமவெளி உழவர்க்கு விளக்கல் எளிது. கிணற்றில் ஊறும் அளவறிந்து இறைப்பவன் கோடையிலும் நீர் காண்பான். ஒரே நாளில் வற்ற இறைப்பவன் பின்னர்ப் பல நாள் காத்திருப்பான். நோயாளி தன் ஊற்றின் அளவுக்குள் நிற்றல் வேண்டும். இது நோயைத் தீர்ப்பதன்று, மிகாமற் காப்பது. தீர்க்கும் மருந்து இன்னுங் காணப்படவில்லை.

நம் நாட்டில் இத்துறையில் யாம் அறிந்த சிறந்த ஆராய்ச்சி கோவாவில் நிகழ்ந்தது. டாக்டர் விக்ரம் பட்டேலும் அவர் துணைவரும் 18 முதல் 50 வயது வரையுள்ள 2,494 பெண்களை வினவி, 2005-இல் அதனை வெளியிட்டனர். நூற்றுக்குப் பன்னிருவர் ஆறு திங்களுக்கு மேலாகச் சோர்வுற்றிருந்தனர். குருதிக்குறைவே காரணமென்று எவரும் எண்ணுவர்; ஆயின் இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவுக்கும் அச்சோர்வுக்கும் தொடர்பு காணப்படவில்லை. கடன், பசி, கணவன் கொடுமை, மனத்துயர் ஆகியவற்றோடு தொடர்பு காணப்பட்டது. இரும்புச்சத்து மாத்திரையைக் கையிற் கொடுத்து அனுப்பிவிடும் நம் வழக்கத்தை இது சிறிது நிறுத்தி எண்ணச் செய்கின்றது. எனினும் அவ்வாராய்ச்சி எண்ணியது சோர்வை. நாம் கூறும் நோயை அன்று. சோர்ந்தவருள் இந்நோயுற்றார் எத்துணையர் என்பது அதனால் விளங்காது.

சேலம், நாமக்கல் பக்கத்தில் இக்கணக்கு இன்னுங் கடிது. நிலத்தடி நீரிற் புளோரைடு மிக்க ஊர்கள் இங்கே உண்டு. அந்நீராலும் மூட்டுநோவும் அசதியும் வரும். தைராய்டுக் குறை, சர்க்கரை நோய், காசம் ஆகியவையுஞ் சோர்வாகவே முதலில் தோன்றும். இவற்றையெல்லாம் சோதித்து விலக்கிய பின்னரே இந்நோயைத் துணிதல் கூடும். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி உண்டு. நாமக்கல்லில் 2022-இல் ஒன்று திறக்கப்பட்டது. இவ்விரண்டும் கூடின் இத்தகைய ஆராய்ச்சி இயலாததன்று. 2025-இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்தார் 15,000-க்கு மேற்பட்ட நோயாளரின் உமிழ்நீரை ஆராய்ந்து, மரபணுக்களில் இந்நோயோடு தொடர்புடைய 8 இடங்களைக் காட்டினர். அவ்வாராய்ச்சியிற் கொள்ளப்பட்டவர் ஐரோப்பிய மரபினர். அம்முடிவு நம்மவர்க்கும் பொருந்துமோ என்று அறிய நம்மவர் உமிழ்நீரன்றோ வேண்டும்?

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த மே 12-ஐச் செவிலியர் நாளாகக் கொண்டாடுகின்றோம். அந்நாளே இந்நோயாளர்க்கும் உலகெங்கும் உரிய நாள் என்பதை நம் மாணாக்கருள் அறிந்தார் சிலரே. அன்று ஒரு சொற்பொழிவு வைக்கலாம், தவறன்று. அதனினும் பயனுடையது ஒன்று உண்டு. 2021 ஆகஸ்டு முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னுந் திட்டத்தின்படி பணியாளர் வீடு வீடாய்ச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கின்றனர். படுத்த படுக்கையாய் உள்ளார் வீட்டிற்கும் அவர் செல்கின்றனர். அவர் கையிலுள்ள ஏட்டில் இன்னும் ஒரு வினா சேர்க்கப்படுமாயின், வேலை செய்த நாளுக்கு மறுநாளும் மூன்றாம் நாளும் உடல் எப்படி இருந்தது என்று அவர் கேட்டுக் குறித்துவரக் கூடும்.