வர்ணத்துக்கு முன் கைப்பிடி

அக்டோபரும் நவம்பர் தொடக்கமும் பருவமாற்றக் காலம். மத்தியானம் வரை வெயில் காயும். நாலு மணிக்கு மேல் இடி இடித்துக் கொட்டும். செந்தூல் தாமான் வீடுகளின் முன்வாசலும் பிளாட் நடைபாதையும் காயவே காயாது. இதே வாரங்களில்தான் தீபாவளிக்கு வர்ணம் பூச ஆளும் வருவார். வீட்டில் முதியவரோ சக்கர நாற்காலியில் இருப்பவரோ இருந்தால், ஹாலைக் காட்டுவதற்கு முன் அந்த ஆளுக்குக் குளியலறையைக் காட்டுங்கள்.

கழிப்பறை ஓரம் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று என இரண்டு எஃகுக் கைப்பிடிகள் வேண்டும். டைலுக்குப் பின்னால் இருப்பது கெட்டியான செங்கல் சுவர்தானா என்று தட்டிப் பார்த்து, நீள போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். எந்த உயரம்? பாட்டியை உட்காரவைத்து எழச் சொல்லுங்கள். அவர் கை சுவரில் எங்கே தேடுகிறதோ, அங்கே பென்சிலால் குறியுங்கள். ரப்பர் உறிஞ்சியால் ஒட்டும் கைப்பிடி மலிவுதான். வாங்காதீர்கள், ஈரச் சுவரில் அது எந்த நேரத்திலும் கையோடு வந்துவிடும். துண்டு போடும் கம்பியும் ஆள் எடை தாங்காது.

வாசற்படிக்குச் சாய்தளம் போடுவோர் பெரும்பாலும் இடத்தை மிச்சம் பிடிக்கச் செங்குத்தாகவே போட்டுவிடுகிறார்கள். பொதுக் கட்டடங்களுக்கான மலேசியத் தரநிலை எம்.எஸ். 1184 சொல்லும் கணக்கு 1:12. அதாவது 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ. நீளம். மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கட்டும்; மழையில் வழவழ டைல் போட்ட சாய்தளத்தைவிடப் பழைய படியே மேல். பிளாட்டில் நடைபாதை பொதுச் சொத்து. அங்கே சாய்தளம் போட நிர்வாகக் குழுவிடம் முதலில் எழுதிக் கேளுங்கள்.

தண்ணீர் ஏறும் பகுதியென்றால், மின்சாரச் சக்கர நாற்காலியின் சார்ஜரையும் அதன் பிளக்கையும் தரையிலிருந்து இப்போதே உயர்த்தி வையுங்கள்.

தீபாவளிக் காலையில் அதிகக் கவனம் வேண்டும். நல்லெண்ணெயும் சீயக்காயும் சேர்ந்த குளியலறைத் தரையில் இளசுகளுக்கே கால் வழுக்கும். முதியவருக்கு எண்ணெயை வெளியே நாற்காலியில் உட்காரவைத்துத் தேயுங்கள். உள்ளங்காலை விட்டுவிடுங்கள், சாமி கோபிக்காது. உள்ளே ரப்பர் கால் வைத்த, முதுகுச் சாய்வுள்ள நாற்காலி போடுங்கள். வீட்டில் முதல் குளியல் அவருக்கே. மற்றவர்கள் குளித்த எண்ணெய்த் தரையில் அவரை இறக்காதீர்கள். விருந்தாளிகளின் செருப்புகளும் வாசல் விளக்குகளும் ஒரு பக்கமாக ஒதுங்கி, சக்கர நாற்காலி போக 90 செ.மீ. வழி விடட்டும்.

உடற்குறையுடையோருக்கான ஓகேயு அட்டை இன்னும் எடுக்கவில்லையா? அரசாங்க மருத்துவரின் சான்றோடு சமூகநல இலாகாவில் பதிந்துகொள்ளுங்கள். பதிவு பெற்ற உடற்குறையுடையோருக்காக, அது நீங்களோ துணைவரோ பிள்ளையோ பெற்றோரோ, சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி போன்ற அடிப்படை உபகரணம் வாங்கினால் ஆண்டுக்கு 6,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு உண்டு. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.