கரையைக் காப்பது மக்களின் காலடி

அல்லிநகரத்தைச் சூழ்ந்த நாட்டிற்கு வெள்ளம் புதிதன்று. மேற்கு மலைகளில் பெய்யும் பெருமழை கொட்டகுடி ஆற்றிலும் முல்லையாற்றிலும் விரைந்து இறங்கிவிடும். கரையை உயர்த்தியதும் நம் கடமை முடிந்துவிடுகிறதா? இல்லை. கேட்பாரற்ற கரையில் முட்செடி மண்டும், குப்பை குவியும், எலியும் நண்டும் வளை தோண்டும். அவ்வளை வழியே கசியும் நீர் மண்ணை அரித்து, ஓரிரவில் உடைப்பாக மாறிவிடும். கசிவை முதலில் காண்பவர் கரைமேல் நாள்தோறும் நடப்பவரே. ஆகவே, கரையை மக்கள் கூடும் இடமாக்குதல் ஆடம்பரமன்று. அதுவும் ஒரு காவலே.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். வைகை பெருகியபோது மதுரைக் குடிகள் ஒவ்வொருவரும் தம் பங்குக் கரையை அடைக்க வேண்டியிருந்தது. வந்தி என்னும் மூதாட்டியின் பங்கினை அடைக்கச் சிவபெருமான் பிட்டுக்கு மண் சுமந்தார் என்பது திருவிளையாடல். ஆவணி மூலத்தில் இன்றும் அவ்விழா நடைபெறுகிறது. கரை அடைத்த வேலையே கதையும் ஓவியமும் விழாவும் ஆயிற்று!

நம் பக்கத்து வீரபாண்டியிலும் சித்திரைத் திருவிழாவிற்கு முல்லையாற்றங்கரையில் மக்கள் திரள்கின்றனர். 1959-இல் திறக்கப்பெற்ற வைகை அணையின் பூங்காவும் பலரை ஈர்க்கிறது. ஜப்பானில் 18-ஆம் நூற்றாண்டில் சுமிதா ஆற்றங்கரையில் செர்ரி மரங்கள் நடப்பெற்றன. மலர் காண வருவோரின் காலடியால் கரை இறுகும் என்பதே நோக்கம் எனக் கூறுவர்.

எனினும், அழகு கரையைப் பலவீனப்படுத்தலாகாது. ஊராட்சி மன்றத்தார் கருத்தில் கொள்ள வேண்டியவை இவை:

1. நீர்வளத் துறையின் அனுமதியின்றிக் கரையில் எதுவும் கட்டலாகாது. மேடையும் மண்டபமும் ஆற்றின் பக்கம் அமைந்தால் நீரோட்டம் குறுகும். அவை கரைக்கு வெளிப்புறம் சற்றுத் தள்ளி அமைதல் வேண்டும்.

2. சரிவில் அறுகும் வெட்டிவேரும் வளர்க்கலாம். நிழல் மரங்களைக் கரையின் அடிக்கு அப்பால் நடுக. கரையிலுள்ள பெருமரம் பட்டுப்போனால், மக்கிய வேரின் வழியே நீர் கசியும்.

3. படித்துறைச் சுவரில் பள்ளிப் பிள்ளைகள் ஓவியம் தீட்டட்டும். அதில் முன்னர் வெள்ளம் எட்டிய மட்டமும் ஆண்டும் இடம்பெறட்டும்.

4. அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபை முடிந்ததும், ஊரார் அனைவரும் கரைமேல் நடந்து வளைகளையும் பள்ளங்களையும் குறித்துக்கொள்வது நன்று. ஐப்பசி மழைக்கு முன் அவற்றை அடைத்துவிடலாம். குடிமராமத்து என்று நம் முன்னோர் வழங்கியது இத்தகைய கூட்டுப் பணியையே.

5. ஆற்றில் நீர் உயரும்போது வேடிக்கை பார்க்க எவரும் கரையில் நிற்றலாகாது.

தனக்குரியது என்று ஊர் கருதும் கரை எளிதில் உடையாது. வரும் மழைக்கு முன் உங்கள் ஊர்க் கரையை ஒருமுறை நடந்து பாருங்கள்.