போடப் போடச் சரியாகாது

"புதுசுல கடிக்கத்தான் செய்யும். போடப் போடச் சரியாயிடும்." ஆன்லைனில் வந்த பூட்ஸுக்குள் காலை நுழைத்து முகம் சுளிப்பவரிடம் யாராவது ஒருவர் தவறாமல் சொல்லும் வாக்கியம் இது. அப்பா சொல்வார், அலுவலக நண்பர் சொல்வார், வாடிக்கையாளர் சேவையில் போனை எடுப்பவரும் சொல்வார். இந்த ஆறுதல் வார்த்தை புண்ணாக்கிய கால்களுக்குக் கணக்கில்லை. அது பிறந்த காலத்தில் பொய்யாக இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு இருந்தது, உள்ளூர்த் தொழிலாளி காலைப் பார்த்து அளவெடுத்துத் தைத்துக் கொடுத்த மாட்டுத்தோல் செருப்பு. விரல்கள் முன்னால் திறந்த வெளியில் இருக்கும். புறங்காலின் மேல் ஒரு வார் ஓடும், அவ்வளவுதான். எண்ணெய் தடவி நாலு நாள் போட்டால் வார் இளகும், கடி நிற்கும். வாருக்குச் சொன்ன வைத்தியம் அது. அதையே குதிகாலிலிருந்து விரல் நுனிவரை நாற்புறமும் அடைத்து, ஒட்டி, அழுத்தி, கணுக்காலுக்கு மேல்வரை ஏற்றிக் கட்டிய பூட்ஸுக்குச் சொன்னால் எப்படிப் பலிக்கும்?

இரண்டு சொற்களைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். விறைப்பு வேறு, இறுக்கம் வேறு. புது பூட்ஸ் நடக்கும்போது மடங்க மறுப்பது விறைப்பு. அது போகும், விரல்களின் அடிமேட்டில் ஒரு மடிப்பு விழுந்ததும் நடை இலகுவாகும். விரல் நுனி முன்சுவரில் முட்டுவது இறுக்கம். அது போகாது. காரணம் பூட்ஸின் உடற்கூறில் இருக்கிறது. காலுக்கு அடியில் இருக்கும் இன்சோல் பலகையும் அதற்குக் கீழே உள்ள ரப்பர் அல்லது பாலியூரித்தேன் சோலும்தான் நீளத்தைத் தீர்மானிக்கின்றன. நீங்கள் ஆறு மாதம் நடந்தாலும் அவை நீளப்போவதில்லை. விரல் பகுதியிலும் குதிகாலைச் சுற்றியும் மேல்தோலுக்கும் உள்துணிக்கும் நடுவே கடினமான தகடு போன்ற ஒரு அடுக்கை வைத்து, சூடாக்கி, லாஸ்ட் எனப்படும் கால் அச்சின் மேல் இழுத்து உருக்கொடுக்கிறார்கள். பூட்ஸ் வடிவம் குலையாமல் இருப்பதற்காகவே வைக்கப்பட்ட அடுக்கு அது. குலையாமல் இருப்பதற்காக வைத்த ஒன்று உங்கள் காலுக்காக மட்டும் குலைந்து கொடுக்கும் என்று எதிர்பார்ப்பதில் என்ன நியாயம்?

"தோல் இழுபடுமே?" என்று கேட்பவர்கள் ஷூ தொழிற்சாலையின் கட்டிங் மேசையை ஒருமுறை பார்க்க வேண்டும். கட்டர் தோலை அப்படியே அச்சு வைத்து வெட்டிவிடுவதில்லை. இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்க்கிறார். எல்லாத் திசையிலும் தோல் ஒரேபோல இழுபடாது. முதுகெலும்பு வாக்கில் கெட்டியாக நிற்கும், குறுக்கே கொஞ்சம் கொடுக்கும்; வயிற்றுப் பக்கத்துத் தோல் கண்டபடி இழுபடும் என்பதால் முன்பாகத்துக்கு அதைத் தவிர்ப்பார்கள். பூட்ஸின் முன்பாகத்தை வெட்டும்போது கெட்டியான திசை விரலிலிருந்து குதிகாலை நோக்கி ஓடும்படி வைப்பதுதான் தொழிலின் பாலபாடம். அதாவது, தோல் நீளவாக்கில் இழுபடக் கூடாது என்றே திட்டமிட்டு வெட்டப்படுகிறது. அகலவாக்கில் சில மில்லிமீட்டர் கொடுக்கலாம். அதுவும் அசல் தோலாக இருந்தால். விலை குறைந்த பூட்ஸ்களில் பெரும்பாலும் இருப்பது துணியின் மேல் பிளாஸ்டிக் பூசிய ரெக்சின் வகை. அது கொடுக்காது, ஒருநாள் வெடிக்கும். இரும்பு முனை வைத்த பாதுகாப்பு பூட்ஸைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்த முனை 200 ஜூல் மோதலைத் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஏறக்குறைய 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடி. அதைத் தாங்கும் இரும்பு உங்கள் சுண்டுவிரலுக்கு இரங்குமா?

சில மறுப்புகள் வரும், அவற்றையும் பார்த்துவிடுவோம். 'குட்இயர் வெல்ட்' முறையில் தைத்த உயர்விலை பூட்ஸ்கள் போடப் போடக் காலுக்குப் பழகும் என்பார்கள். உண்மைதான். அவற்றின் இன்சோலுக்கு அடியில் கார்க் தூள் நிரப்பு இருக்கும். உடல் எடையில் அது அழுந்தி, உள்ளங்காலின் அச்சு விழும். அங்கே நடப்பது பாதத்துக்கு அடியில் பள்ளம் விழுவது. விரலுக்கு முன்னால் அதனால் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடுவதில்லை. செருப்புக் கடையில் ஸ்ட்ரெச்சர் போட்டு விரித்துக்கொள்ளலாம் என்பார்கள். தோலாக இருந்தால் அகலத்தில் கொஞ்சம் விரியும், சரியான அளவில் ஓரிடம் மட்டும் உறுத்துபவருக்கு அது உதவும். ஒரு சைஸ் குறைவாக வாங்கியவருக்கு உதவாது. மூன்றாவது மறுப்புதான் பிரபலமானது: "எனக்கும் முதலில் கடித்தது, இப்போது ஒன்றும் தெரியவில்லையே?" ஐயா, பூட்ஸ் மாறவில்லை, உங்கள் கால் மாறியிருக்கிறது. உராயும் இடத்தில் தோல் தடித்துக் காய்ப்பு ஏறியிருக்கிறது, விரலில் ஆணி வந்திருக்கிறது, கட்டைவிரல் பக்கத்து விரலின் மேல் சாயத் தொடங்கியிருக்கிறது. பழகிவிட்டது என்று நாம் சொல்லிக்கொள்வது இதைத்தான்.

இந்தப் 'பழகிவிடும்' சமாதானம் நீரிழிவு உள்ளவர்களிடம் ஆபத்தாகவே முடியலாம். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. பல ஆண்டு நீரிழிவில் பாத நரம்புகள் மந்தமாகிவிட்டால் கடி தெரியாது. சாக்ஸில் ஈரம் பட்ட பிறகுதான் புண்ணே தெரியவரும். 1940களின் பிற்பகுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்களை ஆராய்ந்து எடுத்துச் சொன்ன பாடம் இதற்கும் பொருந்தும்: உணர்விழந்த பாதத்தை அழிப்பது நோய் மட்டுமல்ல, வலி தடுத்து நிறுத்தாத காரணத்தால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமும்தான். நமக்கு வலி ஒரு காவல்காரன். காவல்காரன் இல்லாத வீட்டில் "போடப் போடச் சரியாயிடும்" என்று காத்திருப்பது புண்ணை வரவேற்பதற்குச் சமம். நீரிழிவு உள்ளவர்கள் கண்ணால் பார்த்து, கையால் தடவிச் சோதிக்காமல் எந்தப் புதுக் காலணியையும் அரை மணி நேரத்துக்கு மேல் போடக் கூடாது. ஆன்லைனில் வாங்கினாலும், கடையில் வாங்கினாலும்.

ஆன்லைன் வணிகத்தில் இந்த நம்பிக்கைக்கு இன்னொரு விலையும் இருக்கிறது, அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கடையில் "சரியாயிடும்" என்று விற்பனையாளர் சொன்னால், பக்கத்திலேயே அடுத்த சைஸ் பெட்டி இருந்தது. போட்டு, நடந்து, கழற்றி, மாற்றிக் கேட்க முடிந்தது. ஆன்லைனில் உங்களிடம் இருப்பது திருப்பி அனுப்பும் கெடு ஒன்றுதான். ஒரு வாரம், பத்து நாள், தாராளமான இடத்தில் இரண்டு வாரம். "பத்து நாள் போட்டுப் பார்ப்போம்" என்று நினைப்பவர் அந்தக் கெடுவைத் தன் கையாலேயே தீர்த்துக்கொள்கிறார். கெடு தீர்வதற்குள் வெளியே போட்டு நடந்திருந்தால் சோலில் கீறல், முன்தோலில் மடிப்பு. 'பயன்படுத்தப்பட்டது' என்று திரும்பி வந்துவிடும். சட்டமும் இங்கே அதிகம் கைகொடுக்காது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், குறைபாடுள்ள பொருளையும் விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன. கால் நுழையவில்லை என்பது பொருளின் குறைபாடு ஆகாது. இறுக்கம் தெரிந்த அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். நாளைக்கு என்று தள்ளுகிற ஒவ்வொரு நாளும் விற்றவர் பக்கம் சேர்கிறது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. 'எனக்கு எட்டு, எந்தக் கம்பெனி ஆனாலும் எட்டு' என்பது ஒன்று. யூகே முறையில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒரு வாற்கோதுமை மணி, அதாவது மூன்றில் ஒரு அங்குலம், சுமார் 8.5 மி.மீ. ஐரோப்பிய முறையில் அது 6.7 மி.மீ. கணக்குப்படி யூகே 8இன் அச்சு 11 அங்குலம், 279 மி.மீ.; ஐரோப்பிய 42 என்பது 280 மி.மீ. இங்கே இரண்டும் கிட்டத்தட்டப் பொருந்துகின்றன. யூகே 10க்குப் போனால் 296 மி.மீ.; ஐரோப்பிய 44 என்றால் 293, 45 என்றால் 300. நடுவில் தொங்குகிறது. ஆண்களுக்கான அமெரிக்க எண் யூகே எண்ணைவிட ஏறக்குறைய ஒன்று கூடுதல். இதெல்லாம் அச்சின் நீளம் மட்டுமே, பாதத்தின் நீளம் இல்லை. விரலுக்கு முன்னால் 12 மி.மீ. விடுவதா, 20 மி.மீ. விடுவதா என்பது தயாரிப்பவர் விருப்பம். ஆக, இரண்டு கம்பெனியின் எட்டு 8 மி.மீ. வித்தியாசப்படலாம், அது கிட்டத்தட்ட ஒரு முழு சைஸ். அப்படியானால் 'எதற்கும் ஒரு சைஸ் பெரிதாக வாங்கு, இன்சோல் போட்டுக்கொள்ளலாம்' என்பார்கள். பூட்ஸ் மடங்கும் இடம் உங்கள் விரல்களின் அடிமேட்டுக்கு நேராக வர வேண்டும். பெரிய பூட்ஸில் அது முன்னால் தள்ளிப்போகும். குதிகால் தூக்கிக்கொண்டு உராயும். இறக்கத்தில் கால் முன்னால் சறுக்கி நகம் கறுக்கும். 'நாலரை ஸ்டார் இருக்கிறது' என்பதற்கு ஒரு வரி போதும்: அது வேறொருவரின் காலுக்குக் கிடைத்த மதிப்பெண்.

பிறகு எப்படித்தான் வாங்குவது? ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு ஸ்கேல், தையற்காரரின் இஞ்ச் டேப் ஒன்று. நாள் முழுக்க நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில், பூட்ஸுக்குப் போடப்போகும் அதே சாக்ஸைப் போட்டுக்கொண்டு, சுவரில் குதிகால் படும்படி தாளின் மேல் நில்லுங்கள். உட்கார்ந்து அளக்காதீர்கள், உடல் எடை இறங்கும்போது பாதம் நீளும், அகலும். மிக நீளமான விரலுக்கு முன்னால் கோடு போடுங்கள். அது கட்டைவிரலாகவே இருக்க வேண்டியதில்லை, பலருக்கு இரண்டாம் விரல்தான் நீளம். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலின் கணக்கை மில்லிமீட்டரில் எழுதி வையுங்கள். விரல்களின் அடிமேட்டைச் சுற்றி டேப் பிடித்துச் சுற்றளவையும் எடுங்கள். பெட்டி வந்ததும் உள்ளே கழற்ற முடிகிற இன்சோல் இருந்தால் அதை வெளியே எடுத்து அதன் மேல் ஏறி நில்லுங்கள். விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டராவது தெரிய வேண்டும். பாதத்தின் ஓரம் இன்சோலுக்கு வெளியே வழியக் கூடாது. பிறகு லேஸ் கட்டாமல் காலை முன்னால் தள்ளிக் குதிகாலுக்குப் பின்னால் ஆள்காட்டி விரலை விட்டுப் பாருங்கள். லேஸைக் கட்டி, படிக்கட்டில் ஒரு விரிப்பைப் போட்டு இறங்கிப் பாருங்கள். விரல் முட்டினால் பேச்சு முடிந்தது. லேஸ் இல்லாமல் இழுத்து மாட்டும் செல்சி வகையில் புறங்காலில் இறுக்கவும் தளர்த்தவும் வழியில்லை என்பதால் இரட்டைக் கவனம் தேவை.

வாங்குபவரை மட்டுமே திட்டிக்கொண்டிருப்பதும் நியாயமில்லை. அளந்து வைத்த மில்லிமீட்டரை எதனோடு ஒப்பிடுவது? பல விற்பனைப் பக்கங்களில் ஒற்றை எண்ணும், எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய ஒரு மாற்று அட்டவணையும்தான் இருக்கின்றன. அகலத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. பிரிட்டனில் அகலத்துக்கு எஃப், ஜி, எச் என்று எழுத்துகள் உண்டு. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஐரோப்பாவுக்குக் காலணி தைத்து அனுப்பும் தொழிலுக்கு இந்த எழுத்துகள் புதிதில்லை; உள்ளூர் வாடிக்கையாளருக்கு மட்டும் ஒற்றை எண். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை அளந்தது. இந்தியப் பாதங்கள் பொதுவாக ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலம் என்று கண்டு, 'பா' என்ற பெயரில் இந்தியாவுக்கான அளவு முறையைப் பரிந்துரைத்தது. பாதத்தின் நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரிலேயே சொல்லும் மாண்டோபாயின்ட் என்ற சர்வதேச முறை அதற்கும் முன்பிருந்தே இருக்கிறது. பனிச்சறுக்கு பூட்ஸ்கள் அதில்தான் விற்கப்படுகின்றன. 'இந்த பூட்ஸ் 265 மி.மீ. நீளமும் 102 மி.மீ. அகலமும் உள்ள பாதத்துக்கு' என்று ஒரு வரி அச்சிடுவதில் என்ன செலவு ஆகிவிடும்? அந்த வரி இருந்தால், நுழையாத பூட்ஸ் 'விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருள்' ஆகிவிடும். திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்றவர் சொல்ல முடியாது. அந்த வரி இன்னும் அச்சேறாமல் இருப்பதற்கு இதுவே காரணமாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அது வரும்வரை, வாங்கும் முன் விற்பவரிடம் கேள்வியாகவே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை மில்லிமீட்டர் பாதத்துக்கு?