அரங்கு அங்காடியாகும்போது

கட்டடம் ஒன்றற்கு இருவகை வாழ்நாள் உண்டு. கல்லும் சுண்ணமும் நிலைத்து நிற்கும் காலம் ஒன்று. எத்தொழில் கருதி அஃது எழுப்பப்பட்டதோ அத்தொழில் அதனுள் நிகழும் காலம் மற்றொன்று. பெரும்பாலும் பின்னதே முதலில் முடிந்துவிடுகிறது. நாடகக் கொட்டகைகளுக்கும் திரையரங்குகளுக்கும் இவ்வாறு நேர்ந்ததை நம் காலத்தில் நாம் கண்கூடாகக் கண்டோம். வானொலியும் தொலைக்காட்சியும் வந்தபின் அரங்கை நாடுவோர் குறைந்தனர். நகரின் நடுவே பேரளவு நிலத்தை அடைத்துக்கொண்டு நின்ற அரங்குகள் உரிமையாளர்க்குச் சுமையாயின. அந்நிலையில் அவற்றை இடிப்பதா, பூட்டி வைப்பதா, வேறு தொழிலுக்கு விடுவதா என்னும் வினா எழுகிறது. மூன்றாவது வழியைத் தேர்ந்த ஓர் அரங்கின் வரலாற்றை இக்கட்டுரையில் சற்று விரிவாகக் காண்போம்.

தென்னமெரிக்காவில் அர்ஜென்டைனா நாட்டின் தலைநகர் புவெனஸ் அயர்ஸ். அந்நகரின் சாந்தா பே பெருஞ்சாலையில் 1919ஆம் ஆண்டு மே திங்களில் 'கிராண்ட் ஸ்பிளெண்டிட்' என்னும் நாடக அரங்கு திறக்கப்பெற்றது. அதனை எழுப்பியவர் மாக்ஸ் கிளுக்ஸ்மான். ஆஸ்திரியப் பேரரசின் செர்னோவிட்ஸ் நகரில் பிறந்து, பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்தவர். ஒளிப்படம், திரைப்படம், இசைத்தட்டு என்று அக்காலத்துப் புதுத் தொழில்கள் அனைத்திலும் கால்பதித்தவர். பெரோ, தோரெஸ் அர்மெங்கோல் என்னும் கட்டடக் கலைஞர் இருவர் வரைந்த அவ்வரங்கில் 1,050 பேர் அமரலாம். அடுக்கடுக்காய் வளைந்து செல்லும் மேல்மாடங்கள், அவற்றினூடே தனிமாடங்கள், தூண்களுக்கு மாறாகப் பாரம் தாங்கி நிற்கும் பெண்ணுருவச் சிற்பங்கள். தலைக்குமேல் வட்டக் கவிகை. அதில் இத்தாலிய ஓவியர் நாசரேனோ ஓர்லாந்தி, அமைதியைப் பெண்ணாக உருவகித்து ஓர் ஓவியம் தீட்டினார். முதல் உலகப் போர் ஓய்ந்து ஓராண்டும் நிறையாத வேளை அது என்பதை நினைவிற்கொண்டு நோக்கினால், அக்கவிகை வெறும் அலங்காரமன்று என்பது விளங்கும்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. அரங்கு ஒரே தொழிலில் நின்றுவிடவில்லை. அக்கட்டடத்திலேயே இசைத்தட்டுப் பதிவு நடந்தது. டாங்கோ இசையின் தொடக்ககாலப் பாடகர்கள் பலர் அங்குப் பாடிப் பதிந்தனர். 1923இல் 'ரேடியோ ஸ்பிளெண்டிட்' என்னும் வானொலி நிலையம் அங்கிருந்து ஒலிபரப்பத் தொடங்கியது. இருபதுகளின் இறுதியில் நாடகமேடை திரைக்கு இடங்கொடுத்தது. 1929இல் அர்ஜென்டைனாவில் பேசும்படங்கள் முதன்முதல் காட்டப்பட்டது அங்கேதான். எனவே, பின்னாளில் அது கடையானபோது தூய நாடக அரங்கொன்று கெட்டுப்போயிற்று என்று வருந்துவோர், அதற்கு முன்பே அஃது பல்லாண்டுகள் படக்கொட்டகையாய் இருந்ததை மறந்துவிடுகின்றனர். பிறந்த நாள்முதல் அக்கட்டடம் வேடம் மாற்றிக்கொண்டே வந்தது.

2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் நூல் வணிக நிறுவனம் ஒன்று அதனைக் குத்தகைக்கு எடுத்தது. 'எல் அத்தெனெயோ' என்பது அந்நிறுவனத்துக்குரிய பழம்பெரும் நூற்கடையின் பெயர். பெர்னாண்டோ மன்சோனே என்னும் கட்டடக் கலைஞர் மாற்றப் பணியை ஏற்றார். இருக்கைகள் நீக்கப்பட்டன, அவை இருந்த தரையிலும் மாடங்களின் வளைவை ஒட்டியும் நூலடுக்குகள் நிறுத்தப்பட்டன. கவிகை ஓவியம் அப்படியே நின்றது. சிற்பங்களும் அரங்கு விளக்குகளும் நின்றன. மேடையின் செந்நிறத் திரைச்சீலையும் நின்றது. மேடை சிற்றுண்டிச்சாலை ஆயிற்று. தனிமாடங்களில் நாற்காலி இட்டு, விலை கொடுக்குமுன் நூலைப் புரட்டிப் படிக்க இடம் செய்தனர்.

திரையைக் கழற்றாது விட்டது சிறு செய்தி போலத் தோன்றும். தமிழ் மாணவர்க்கு அது சிறு செய்தியன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் அரங்கின் இலக்கணம் கூறுமிடத்து, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் என்று அளவு சொல்லி, தூண் நிழல் விழாதவாறு விளக்கமைத்து, ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரையையும் எண்ணிச் சொல்கிறார். தொங்கும் சீலை அரங்கின் உறுப்புகளுள் ஒன்று என்பதே அங்குப் பெறப்படும் கருத்து. சீலை தொங்கும்வரை அங்கு அமர்ந்து தேநீர் அருந்துவோனும் தான் ஒரு மேடைமேல் இருப்பதை உணர்கிறான். அதை அகற்றியிருந்தால் அவ்விடம் சற்றே உயர்ந்த தரையாகத்தான் எஞ்சியிருக்கும்.

அரங்கைக் கடையாக்குவதில் தொழில்முறை இடர்கள் பல. அரங்கின் தரை மேடை நோக்கிச் சரிந்து செல்லும். கடைக்கோ சமதரை வேண்டும். பழந்தரையை வெட்டிச் சமன் செய்தால் சரிவு என்றென்றைக்கும் தொலைந்தது. அதன்மேல் பொய்த்தரை எழுப்பினால் பிற்காலத்தார் அதைக் கழற்றிப் பழைய நிலைக்கு மீளலாம். அரங்கிற்குச் சன்னல்கள் அரிது. துணி விற்போர்க்கு அது பெருங்குறை. நிறம் பார்த்து வாங்குவோர் வெளிச்சம் தேடி வாயிலுக்கு வருவர். நூலுக்கோ வெயில் படாதிருத்தலே நன்று. மேல்மாடங்கள் மனிதர் அமர்வதற்குக் கட்டப்பட்டவை. நெருக்கி அடுக்கிய தாளின் கனம் மனிதக் கனத்தினும் மிகுதி. ஆதலின் சுவரோரமாக அடுக்கி, நடுவிடத்தை நடப்பதற்கு விடுதல் பாதுகாப்பும் ஆகும், அழகும் ஆகும். எவ்வகை வணிகத்தை உள்ளே விடுகிறோம் என்பதைப் பொறுத்தே கட்டடத்தின் கதி அமைகிறது என்று நான் கருதுவதற்கு இவையே காரணம்.

கடை பிழைத்ததா என்று கேட்பர். திறந்த மறு ஆண்டே, 2001 திசம்பரில், அர்ஜென்டைனாவின் பொருளியல் நிலைகுலைந்தது; வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. அதனையும் தாங்கி நின்ற அக்கடை 2007இல் ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்ட நூல்களை விற்றது. 2008இல் இங்கிலாந்தின் கார்டியன் நாளிதழ் வெளியிட்ட உலக நூற்கடைகளின் வரிசையில் அது இரண்டாமிடம் பெற்றது. முதலிடம் பெற்றதும் பழைய கட்டடமொன்றே: நெதர்லாந்து நாட்டு மாஸ்ட்ரிக்ட் நகரில் பழந்தேவாலயத்துள் அமைந்த நூற்கடை.

சட்டத்தின் பங்கையும் சொல்லவேண்டும். அர்ஜென்டைனாவில் 1959இல் இயற்றப்பட்ட 14,800ஆம் எண் சட்டம், நாடக அரங்கொன்றை இடிப்பவர் அவ்விடத்தில் எழுப்பும் புதுக் கட்டடத்துள் அதனையொத்த அரங்கு ஒன்றை அமைத்தல் வேண்டும் என்கிறது. இடிப்பதை எளிதாக்காத சட்டம் அது. இத்தகைய காப்பு இல்லாத இடத்தில் நேர்ந்தது வேறு. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1926இல் கட்டப்பட்ட மிச்சிகன் திரையரங்கு ஏறத்தாழ நாலாயிரம் பேரைக் கொள்ளும். 1976இல் அது மூடப்பட்டது. இடித்தால் ஒட்டியுள்ள அலுவலகக் கட்டடத்தின் உறுதி குலையும் என்றறிந்து, உள்ளே குடைந்து, 1977இல் மூன்றடுக்குக் கார் நிறுத்துமிடம் ஆக்கினர். சிதைந்த சுதை வேலைப்பாட்டின் கீழ்க் கார்கள் வரிசையாக நிற்கும் படத்தைக் கண்டவர் மறவார். அங்கும் கட்டடம் நிற்கத்தான் செய்கிறது. பயன்பாட்டிலும் உள்ளது. ஆனால் அதனைக் காத்தல் என்று சொல்ல நா எழவில்லை.

நியூயார்க் மக்கள் இப்பாடத்தை வலித்துக் கற்றனர். 1982இல் மொராஸ்கோ, ஹெலன் ஹேய்ஸ் முதலிய அரங்குகள் பெருவிடுதி ஒன்றற்காக இடிக்கப்பட்டன. நடிகர்கள் தெருவில் நின்று எதிர்த்தும் பயனில்லை. அதன் பின்னரே எண்பதுகளின் இறுதியில் அந்நகரத்துப் பிராட்வே அரங்குகள் பலவற்றைக் காக்கப்படும் சின்னங்களாக அறிவித்தனர். உரிமையாளர்கள் வழக்காடினர், எங்கள் சொத்தில் எங்களுக்கு உரிமை இல்லையா என்பது அவர்தம் வாதம். அதைப் புறந்தள்ளுதல் எளிது, நேர்மையன்று. ஊருக்கெல்லாம் உரிய நினைவைத் தனியொருவர் செலவில் காக்கச் சொல்வது அவர்க்கு இழைக்கும் முறைகேடாகவும் முடியலாம். வரிச்சலுகையோ வாடகை தரும் வேறு தொழிலோ இல்லாமல் சின்னம் என்று பெயர்ப்பலகை மட்டும் மாட்டினால், மழை உட்புகுந்து கூரை தானே விழும். கடை என்பது அந்த வாடகையைத் தரும் தொழில்களுள் ஒன்று.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் டவர் திரையரங்கு அதற்கு அண்மைச் சான்று. எஸ். சார்லஸ் லீ வரைந்து 1927இல் திறக்கப்பட்டது. அந்நகரில் பேசும்படத்துக்கெனக் கருவி பொருத்தப்பெற்ற முதல் அரங்கு. 1988இல் மூடப்பட்டபின் படப்பிடிப்புகளுக்கு மட்டும் வாயில் திறந்தது. முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 2021 சூனில், ஆப்பிள் நிறுவனத்தின் கடையாக மக்களுக்கு மீண்டும் திறந்தது. மணிக்கூண்டும் முகப்பும் மேற்கூரை ஓவியமும் செப்பம் செய்யப்பட்டன. மேல்மாடம் கருவி பழுதுபார்க்க வருவோர் அமரும் இடமாயிற்று. வேலைப்பாடு குறைசொல்ல முடியாதது. ஆயினும் அங்கு விற்கப்படும் பொருள், திரைப்படத்தைக் கைக்குள் அடக்கி ஒவ்வொருவரையும் தனித்துப் பார்க்கச் செய்யும் கருவி. படக்கொட்டகையை மூடவைத்த போக்கின் கடைக்கொழுந்தே அக்கொட்டகையைச் செலவு செய்து காத்தது என்பதில் ஒரு நகைப்பும் ஒரு துயரமும் கலந்திருக்கின்றன.

1964இல் வெனிஸ் நகரில் கூடிய வல்லுநர்கள் வகுத்த நெறியில், நினைவுச்சின்னத்தைச் சமுதாயப் பயனுள்ள வேலைக்கு ஈடுபடுத்துதல் அதன் காப்புக்கு உதவும் என்றும், அவ்வேலை கட்டடத்தின் அமைப்பையோ அணியையோ மாற்றலாகாது என்றும் சொல்லப்பட்டுள்ளது. இவ்வளவுகோலை அப்படியே வைத்தால் கிராண்ட் ஸ்பிளெண்டிடும் முழுமையாகத் தேறாது; இருக்கைகள் போயினவே! அரங்கில் ஆயிரவர் ஒரே பொருளை ஒரே கணத்தில் கண்டு ஒன்றாகச் சிரித்தனர். அக்கூட்டு அனுபவம் நூற்கடையில் இல்லை. அவரவர் தத்தம் பக்கத்தில் ஆழ்ந்திருப்பர். இவ்விழப்பை மறைத்துப் பேசுதல் கூடாது. ஆனால் கவிகையை அண்ணாந்து பார்க்கும் உரிமை நுழைவுச்சீட்டு வாங்கியவர்க்கே முன்பு இருந்தது. இப்போது ஒரு காசும் கொடாமல் உள்ளே சென்று, ஒரு தனிமாடத்தில் அமர்ந்து, மாலைவரை படித்துவிட்டு வரலாம். ஆண்டுக்குப் பத்து இலட்சத்திற்கும் மிகுந்தோர் அங்குச் செல்கின்றனர்.

நம் சென்னையிலும் இதனையொத்த ஒன்று உண்டு. கடந்து செல்வோர் பலர் அறியார். வார்விக் மேஜர் என்பார் 1913இல் மவுண்ட் ரோட்டில் எழுப்பிய எலக்ட்ரிக் தியேட்டர், அந்நகரின் தொடக்ககால நிலையான படக்கொட்டகைகளுள் ஒன்று. இரண்டே ஆண்டில், 1915இல், அஞ்சல் துறை அதனை வாங்கியது. இன்றைய அண்ணா சாலை அஞ்சலக வளாகத்துள் அக்கட்டடம் நிற்கிறது. சலனப்படம் ஓடிய அக்கூடம் பின்னாளில் தபால்தலை சேகரிப்போர் கூடும் இடமாயிற்று. அவ்வழியே செல்லும் மாணவர்கள் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்க்கலாம்.