சோளமும் உளுந்தும் சேர்ந்த வயலில் கோழி எருவும் யூரியாவும்

நாமக்கல் வட்டாரத்துக் கிராமங்களில் இரு காட்சிகளை அருகருகே காண்கிறோம். கோழிப் பண்ணையின் ஓரத்தில் எச்சம் மலைபோற் குவிந்து கிடக்கிறது. ஈயும் நாற்றமும் பெருகிப் பஞ்சாயத்திற்கு முறையீடு வருகிறது. அதே ஊரில், ஆடி பிறந்ததும் உர மூட்டைக்காகக் கடன் வாங்கும் விவசாயியையும் காண்கிறோம். முன்னவருக்குத் தொல்லையாக உள்ள பொருள் பின்னவருக்குச் செல்வமாகும். அதற்குரிய முறையை இங்கே ஆராய்வோம்.

எருவின் தன்மை

தொழு உரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்கு அளவே உண்டு. நன்கு காய்ந்த கோழி எருவிலோ அது 2 முதல் 3 பங்கு வரை இருக்கும். மணிச்சத்தும் ஏறக்குறைய அதே அளவு உண்டு. ஆனால் சோளத்திற்கு மணிச்சத்தைவிடத் தழைச்சத்தே மிகுதியாக வேண்டும். தழைச்சத்து முழுவதையும் எருவினாலேயே கொடுக்க முயன்றால் மணிச்சத்து அளவுக்கு மீறி மண்ணில் தங்கிவிடும். ஆகவே மணிச்சத்தை எருவினாலும், குறையும் தழைச்சத்தை யூரியாவினாலும் கொடுப்பதே சிக்கனமாகும்.

ஒரு கணக்கு

மானாவாரிச் சோளத்திற்கு ஏக்கருக்கு 16 கிலோ தழைச்சத்தும் 8 கிலோ மணிச்சத்தும் தேவை எனக் கொள்வோம். நூற்றுக்கு 2 பங்கு சத்துள்ள மக்கிய எரு 500 கிலோ இட்டால் ஒவ்வொன்றிலும் 10 கிலோ சேரும். தழைச்சத்தில் பாதி, அதாவது 5 கிலோ, முதற்பருவத்தில் கிட்டுவதாக வைத்துக்கொண்டால் எஞ்சுவது 11 கிலோ. அதற்கு 24 கிலோ யூரியா போதுமானது. மணிச்சத்திற்கென டி.ஏ.பி. வாங்கும் செலவு பெரும்பாலும் மிச்சமாகும். மண்வள அட்டையைப் பார்த்து இவ்வளவைக் கூட்டியோ குறைத்தோ கொள்க.

இடும் இடமும் காலமும்

30 செ.மீ. இடைவெளியில் இரு வரிசை சோளம் விதைத்து, அடுத்த இணைவரிசைக்கு முன் 60 செ.மீ. இடம் விட்டு, அதன் நடுவே ஒரு வரிசை உளுந்து விதைக்கலாம். மக்கிய எருவைக் கடைசி உழவில் வயல் முழுவதும் இடுக. அதிலுள்ள மணிச்சத்து உளுந்தின் வேர்முடிச்சு வளரவும் உதவும். யூரியாவையோ, ஒரு மாதப் பயிரில், மண்ணில் ஈரம் உள்ளபோது, சோள வரிசையின் ஓரமாக மட்டும் இட்டு மண் அணைக்க வேண்டும். யூரியா மிகுதியாகக் கிடைத்தால் உளுந்து முடிச்சு கட்டாமல் சோம்பிவிடும்; சோளமும் மிஞ்சி வளர்ந்து அதனை நிழலில் ஆழ்த்திவிடும். உளுந்து விதைக்கு ரைசோபியம் கலந்து விதைத்தல் நலம். உளுந்து சேர்க்கும் தழைச்சத்தின் பயனைப் பெரிதும் பெறுவது அடுத்த பயிரே. அதனை நம்பிச் சோளத்தின் பங்கைக் குறைத்துவிடலாகாது.

செய்யத்தகாதது

நம் வட்டாரத்தில் ஒரு விவசாயி பச்சை எருவை வாரியிறைத்து மறுநாளே விதைத்தார். முளைத்த நாற்று பாதிக்குமேல் கருகிற்று. எருவின்மேல் பழி போட்டார், பிழை அவசரத்தினுடையதே. பச்சை எருவிலிருந்து எழும் அமோனியா இளவேரைச் சுடும்; வெளியில் கிடந்தால் அந்தச் சத்தே காற்றோடு போய்விடும். தென்னைநார்க் கழிவு, வைக்கோல், சருகு ஆகியவற்றுள் ஒன்றைக் கலந்து, அளவாக நீர் தெளித்து, மழை படாமல் மூடி, இடையிடையே கிளறிவிட வேண்டும். சூடும் நெடியும் அடங்கிய பின்னரே எரு வயலுக்கு உரியது.

பஞ்சாயத்தின் பங்கு

குடியிருப்புக்கும் கிணற்றுக்கும் எட்டத்தில், மேட்டுப்பாங்கான ஓர் இடத்தை எரு மக்க வைப்பதற்கென ஒதுக்குமாறு பஞ்சாயத்து உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பண்ணையாரையும் விவசாயியையும் ஒரே கூட்டத்தில் அமர்த்திப் பேசினால், ஊர்ச் சச்சரவு தீரும், உரக்கடனும் குறையும். ஆடிப்பட்டத்திற்கு மூன்று மாதம் முன்னரே, சித்திரையில், இவ்வேலை தொடங்கட்டும்.