ஒத்திகைக்கு ஓர் இடம்

கேள்வி: எங்கள் ஊரில் லாப நோக்கமில்லாத சிறு நாடகக் குழு ஒன்று இருக்கிறது. பெரிய தொகை தர என்னால் முடியாது. வேறு எப்படி உதவலாம்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: மொட்டை மாடியோ காலி அறையோ இருந்தால் ஒத்திகைக்குத் திறந்துவிடுங்கள் அம்மா. ஒரே ஒரு மாலை மேடையேறும் நாடகத்துக்கு வாரக்கணக்கில் ஒத்திகை வேண்டும். சின்னக் குழுக்கள் இடத்துக்குத்தான் அதிகம் அலைகின்றன. ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவை நினைத்துப் பாருங்கள். பசுபதியும் கலைராணியும் சினிமாவுக்கு வருமுன் உடலையும் குரலையும் பழக்கிக்கொண்டது அங்கேதான். அந்த உழைப்புக்கு முதல் தேவை நாலு சுவரும் ஒரு தரையும்.

தெரிந்தவர்கள் என்று இலவச பாஸ் கேட்காதீர்கள். டிக்கெட் வாங்கி, பக்கத்து வீட்டாரையும் அழைத்துப் போங்கள். அரங்க வாடகையும் விளக்கு வாடகையும் அந்தக் காசில்தான் அடைபடும். தைக்கத் தெரியுமா? உடைகளைத் தைத்துக் கொடுங்கள். ஒத்திகை நாளில் ஒரு பாத்திரம் எலுமிச்சை சாதம் அனுப்பினாலும் பெரிய உதவி.

பணமாகத் தர விரும்பினால், சிறு தொகையானாலும் மாதாமாதம் தாருங்கள். குழுவுக்கு நன்கொடை வரிச்சலுகைக்கான 80ஜி பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு வரிக்கழிவு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரொக்கமாக வேண்டாம், வங்கி வழியாக அனுப்புங்கள்.