நகலை நம்பும் முன்

அன்புத் தங்கைக்கு,

ஸ்விட்ச்சில் போர்ட் மிரரிங் போடும் பொறுப்பு முதன்முறையாக உன் கைக்கு வந்திருக்கிறது. இரண்டு வரிக் கமாண்ட்தான், அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதன்பின் திரையில் ஓடுவதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்கு வருடங்கள் ஆயின.

ஹப் இருந்த காலத்தில் எந்தப் போர்ட்டில் லேப்டாப்பைச் செருகினாலும் எல்லாருடைய பாக்கெட்டும் தெரியும். ஸ்விட்ச்சோ எந்த மேக் முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று கற்றுக்கொண்டு உரியவருக்கு மட்டும் கொடுக்கும். அதனால்தான் ஒரு போர்ட்டின் போக்குவரத்தை இன்னொரு போர்ட்டுக்கு நகலெடுத்துத் தரும்படி கேட்க வேண்டியிருக்கிறது. சிஸ்கோவில் இதற்கு ஸ்பான் என்று பெயர். ‘மானிட்டர் செஷன் 1 சோர்ஸ்’ என்று கவனிக்க வேண்டிய போர்ட்டையும், ‘மானிட்டர் செஷன் 1 டெஸ்டினேஷன்’ என்று பாக்கெட்டுகளைப் பதிவுசெய்து காட்டும் வயர்ஷார்க் காத்திருக்கும் போர்ட்டையும் கொடுக்கிறாய்.

டெஸ்டினேஷன் எண்ணை அடித்ததும் என்டர் தட்டாமல் இன்னொரு முறை பார். அந்தப் போர்ட்டில் வழக்கமான போக்குவரத்து நின்றுவிடும். தவறி அப்லிங்க் எண்ணைக் கொடுத்தால் அந்த ஸ்விட்ச்சை நம்பியிருக்கும் மாடியே துண்டிக்கப்படும். தொலைவிலிருந்து நுழைந்திருந்தால் நீயும் வெளியே. அதனால் முதலில் ‘ரீலோட் இன் 10’ கொடு. ஸ்விட்ச் கைவிட்டுப் போனாலும் 10 நிமிடத்தில் தானே ரீபூட் ஆகி, சேமித்திருந்த கான்ஃபிக்குக்குத் திரும்பும். எல்லாம் சரியென்றால் ‘ரீலோட் கேன்சல்’ கொடுக்க மறக்காதே.

இனி என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மந்தமான ஒரு சர்வரின் போர்ட்டை மிரர் செய்தேன். நடுநடுவே பாக்கெட்டுகளைக் காணோம். நெட்வொர்க்கில் இழப்பு என்று அறிக்கை கொடுத்தேன். கேபிளை மாற்றினார்கள், கார்டை மாற்றினார்கள், சிலர் இரண்டு இரவு தூங்கவில்லை. இழப்பு நடந்ததோ என் மிரர் போர்ட்டில். 1 கிகாபிட் இணைப்பு இரு திசையும் சேர்த்து 2 கிகாபிட் வரை சுமக்கும். நகல் வெளியேறும் வழி 1 கிகாபிட்தான். மிஞ்சியதை ஸ்விட்ச் கொட்டிவிட்டது.

விடை அந்தக் கேப்சரிலேயே இருந்தது. ‘ஏக்டு அன்சீன் செக்மென்ட்’ என்று வயர்ஷார்க் வரிக்கு வரி காட்டியிருந்தது. எதிர்முனை ‘கிடைத்தது’ என்று சொன்ன பாக்கெட் என் கேப்சரில் இல்லை என்று அதற்குப் பொருள். பாக்கெட் போய்ச் சேர்ந்திருக்கிறது, என்னிடம்தான் வரவில்லை. இந்த வரியைக் கண்டால், அறிக்கை எழுதுமுன் டெஸ்டினேஷன் போர்ட்டின் ‘அவுட்புட் டிராப்ஸ்’ எண்ணிக்கையைப் பார். ஒரு திசை போதுமென்றால் ஒரு திசையை மட்டும் எடு.

நகலில் வராதவையும் உண்டு. சிஆர்சி பிழையுள்ள ஃபிரேமை ஸ்விட்ச் வாசலிலேயே எறிந்துவிடும். கேபிள் பழுதை இன்டர்ஃபேஸ் கவுன்ட்டரில் தேடு. ஒரே விலானின் இரண்டு போர்ட்டுகளை இரு திசையிலும் எடுத்தால், அவற்றுக்கிடையே போகும் பாக்கெட் இருமுறை வரும். அதை ரீட்ரான்ஸ்மிஷன் என்று எண்ணிவிடாதே.

இன்னொன்று, எல்லாவற்றிலும் முக்கியமானது. 2004-05இல் கிரேக்க நாட்டில், செல்பேசி எக்ஸ்சேஞ்சுகளில் சட்டப்படியான ஒட்டுக்கேட்புக்காக இருந்த வசதியைக் கள்ள மென்பொருளால் இயக்கி, பிரதமர் உட்பட நூறு பேருக்கும் மேலானவர்களின் அழைப்புகளை நகலெடுத்தார்கள். உன் கையில் இருப்பதும் நகலெடுக்கும் வசதிதான். டெல்நெட், எஃப்டிபி கடவுச்சொற்கள் அதில் அப்படியே தெரியும். எழுத்தில் அனுமதி வாங்கு. கேட்ட போர்ட்டை, கேட்ட நேரத்துக்கு மட்டும் எடு. கேப்சர் கோப்பைப் பென்டிரைவில் சுற்றவிடாதே.

வேலை முடிந்ததும் ‘நோ மானிட்டர் செஷன் 1’ கொடு. ‘ஷோ மானிட்டர்’ அடித்து, செஷன் எதுவும் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு எழுந்திரு.

அன்புடன்,
உன் அண்ணன்